பாசி எடுக்கும் கையும் பைப்பெட் பிடிக்கும் கையும்

போன மாதம் இந்தப் பக்கத்தின் அடியில், "ரத்தப் பரிசோதனைச் சீட்டு கையில் இருந்தும் அதில் என்ன இருக்கிறது என்று புரியாதவர்கள் எழுதலாம்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் கடிதம் வந்துவிட்டது, சீட்டைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியவர்கள் தனிக் கணக்கு. கூடவே பிள்ளைகள் படிப்பு பற்றியும் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டையும் வேறு வேறு இதழில் போடலாமே என்றார் ஆசிரியர். வேண்டாம், ஒன்றாகவே போடுங்கள், எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான் என்றேன். பெயர்கள் போடவில்லை, ஊர் மட்டும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உயிர்வேதியியல் படித்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், வைத்தியர் இல்லை. மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டர் பாடு.

"கடலில் பாசி எடுக்கிற வேலை. வயது 44. ஊரில் நடந்த முகாமில் ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 96, ஹெச்பிஏ1சி 6.2, ஹீமோகுளோபின் 8.4 என்று சீட்டில் இருக்கிறது. 'சர்க்கரை எட்டிப் பார்க்குது, சோற்றைக் குறை' என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு வேளைதான் சோறு. எனக்குச் சர்க்கரையா?" (ஒரு வாசகி, மண்டபம்)

அக்கா, முதலில் வயிறாரச் சாப்பிடுங்கள். தண்ணீருக்குள் மூச்சடக்கி முங்கி வேலை செய்கிறவர், ஹீமோகுளோபின் 8.4 வைத்துக்கொண்டு பட்டினி வேறு கிடந்தால் என்ன ஆவது?

பயோமார்க்கர் என்று ஒரு சொல் இப்போது எல்லா இடத்திலும் அடிபடுகிறது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, உள்ளே நடப்பதை வெளியே காட்டிக்கொடுக்கிற அளக்கக்கூடிய ஓர் அடையாளம், அவ்வளவுதான். நீர் கலங்கியிருப்பதையும் காற்று சோழகத்துக்கு (தென்காற்றுக்கு) திரும்புவதையும் பார்த்து இன்றைக்குத் தென்கடலில் இறங்கலாமா கூடாதா என்று நீங்கள் முடிவு செய்கிறீர்களே, அந்த மாதிரி. ஆனால் நீர் கலங்கலாக இருந்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தானா? மழைத் தண்ணீர் வந்து விழுந்தாலும் கலங்கும், நீவாடு (நீரோட்டம்) மாறினாலும் கலங்கும். அடையாளம் ஒன்று, காரணம் பல. ரத்தத்திலும் இதே கதைதான்.

ஹெச்பிஏ1சி எப்படி வேலை செய்கிறது என்று கருவாட்டை வைத்துச் சொல்கிறேன். உப்பில் போட்ட மீன் எத்தனை நாள் கிடக்கிறதோ அத்தனைக்கு உப்பு ஏறும். ரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு சுற்றி வரும், அத்தனை நாளும் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை அதன் ஹீமோகுளோபின் மேல் ஒட்டிக்கொண்டே போகும். நூறில் எத்தனை பங்கில் ஒட்டியிருக்கிறது என்று எண்ணினால் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி தெரிந்துவிடும். 5.7க்குக் கீழே இருந்தால் நல்லது, 6.5ம் அதற்கு மேலும் போனால் நீரிழிவு, இடையில் இருப்பது எச்சரிக்கை. முன்தினம் மட்டும் பத்தியம் இருந்து ஏமாற்ற முடியாத பரிசோதனை, அதனால்தான் டாக்டர்களுக்கு இதன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

இப்போது உங்கள் சீட்டுக்கு வருவோம். ஹீமோகுளோபின் 8.4 என்றால் ரத்தசோகை, பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவால் வருவது. இரும்புச்சத்து குறைந்த உடம்பில் புதுச் சிவப்பணு உற்பத்தி மந்தமாகிவிடும், பழைய அணுக்களே அதிகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பழைய மீனில் உப்பு கூட இருப்பது போல இந்தப் பழைய அணுக்களில் சர்க்கரை கூட ஒட்டியிருக்கும். அதாவது, சர்க்கரை ஏறாமலேயே ஹெச்பிஏ1சி கொஞ்சம் ஏறிக் காட்டும். உங்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரை 96, அது நூறுக்குள்தான். ஆக அந்த 6.2ஐ நான் அப்படியே நம்ப மாட்டேன், தூக்கி எறியவும் மாட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் ஏன் இறங்கியது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் என்று ஒரு பரிசோதனை உண்டு, உடம்பில் இரும்பு இருப்பு எவ்வளவு என்று அது சொல்லும். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமா என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சர்க்கரை விஷயத்துக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனை போதும், அதற்கு ஹீமோகுளோபின் தயவு வேண்டாம். 140க்குக் கீழே இருந்தால் நிம்மதி.

முகாமில் எழுதிக் கொடுத்தவரைக் குறை சொல்லவில்லை. ஒரே சீட்டில் பக்கத்துப் பக்கத்து வரியில் இருந்த இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்க்க அவருக்கு நேரம் இருந்திருக்காது, வெளியே வரிசை நின்றிருக்கும்.

"வயது 52, நாட்டுப்படகு. கிரியேட்டினின் 1.4 என்று வந்திருக்கிறது. கிட்னி போய்விட்டது என்கிறான் மச்சான். 1,499 ரூபாய்க்கு 85 பரிசோதனை என்று ஒரு விளம்பரம் போனில் வந்துகொண்டே இருக்கிறது. மொத்தமாக எடுத்துப் பார்த்துவிடலாமா?" (ஒரு வாசகர், பாம்பன்)

அண்ணே, மச்சான் அவசரப்படுகிறார்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு, அதைச் சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால் ரத்தத்தில் ஏறும். ஆனால் வலை இழுத்து உரமேறிய கை கால் இருக்கிறவருக்கு இயல்பாகவே கொஞ்சம் கூடத்தான் இருக்கும். முந்தின இரவு மீன் குழம்பை ஒரு பிடி பிடித்திருந்தாலும் ஏறும், சமைத்த மீனிலும் கறியிலும் அது இருக்கிறது. வெயிலில் நாள் முழுக்கக் கடலில் கிடந்து தண்ணீர் குடிக்காமல் வந்து ரத்தம் கொடுத்தாலும் ஏறும். உங்கள் வயதுக்கு 1.4ஐ இப்போதுள்ள சூத்திரத்தில் போட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் சுமார் 60 என்று வருகிறது, அது சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிற எண். நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நீடிக்க வேண்டும். நன்றாகத் தண்ணீர் குடித்து, முந்தின நாள் மீன் கறி ஒதுக்கி, மறுபடி எடுங்கள். கூடவே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கிரியேட்டினின் சொல்லாததை அது சொல்லும். பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று, இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறீர்களே அந்த வலி மாத்திரை, எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும், என் அப்பாவும் போடுவார். டாக்டரைக் கேட்காமல் அதைப் போடாதீர்கள். கிட்னிக்கு மச்சானை விட அதுதான் எதிரி.

இந்தச் சூத்திரத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் பல வருடம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் கணக்கில் வந்த எண்ணை இன்னும் கொஞ்சம் பெருக்கிக் கூட்டிப் போட்டார்கள், அவர்களுக்குத் தசை அதிகம் என்ற அனுமானத்தில். ஒரு சூத்திரத்தில் 1.21 மடங்கு, அடுத்து வந்ததில் 1.16 மடங்கு. காகிதத்தில் சிறுநீரகம் நன்றாக இருப்பதாகத் தெரிந்ததால் மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் பெயர் ஏறத் தாமதமானவர்கள் உண்டு. மாணவர்களும் டாக்டர்களும் விடாமல் கேள்வி கேட்டு, 2021இல்தான் அந்தப் பெருக்கலை எடுத்தார்கள். நாலாவது கேள்விக்கு இது வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

85 பரிசோதனை விஷயம். வேண்டாம் அண்ணே. நார்மல் என்று சீட்டில் போடுகிற எல்லை எங்கிருந்து வருகிறது? நல்ல ஆரோக்கியமானவர்கள் நூறு பேருக்குப் பார்த்து, நடுவில் இருக்கிற 95 பேரின் எண்ணை நார்மல் என்று வைக்கிறார்கள். மிச்சம் 5 பேருக்கும் நோய் இல்லை, ஆனால் சீட்டில் தடித்த எழுத்தில் வரும். இப்படி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை எடுத்தால், உடம்பில் ஒரு குறையும் இல்லாதவருக்கே ஏதாவது ஒன்று எல்லை தாண்டி நிற்க 64 சதவீதம் வாய்ப்பு. 85 எடுத்தால் கேட்கவே வேண்டாம். அந்தத் தடித்த எழுத்தைத் துரத்திக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறுவீர்கள், அங்கே ஸ்கேன், அதில் வேறொன்று. 1,499 ரூபாய் தூண்டில் இரைதான். சில பேக்கேஜில் புற்றுநோய் மார்க்கர் என்று சிஏ-125, பிஎஸ்ஏ எல்லாம் சேர்த்துவிடுகிறார்கள். சிஏ-125 மாதவிலக்கு நாளில் எடுத்தாலே கூடும், வயிற்றில் காசநோய் இருந்தாலும் கூடும். யாருக்கு, எதற்கு என்று கேட்காமல் எடுத்த பரிசோதனைக்குப் பதிலும் அப்படித்தான் வரும்.

"பி.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு. பயோமார்க்கர் ஆராய்ச்சியில் நிஜமாகவே புதிதாக என்ன வந்திருக்கிறது? ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லாம் தெரியும் என்கிறார்களே?" (ஒரு மாணவர், ராமநாதபுரம்)

ஒரு சொட்டு என்று யார் சொன்னாலும் தள்ளி நில்லுங்கள் தம்பி. 2003இல் தொடங்கிய தெரனோஸ் என்ற அமெரிக்க நிறுவனம், விரல் நுனி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனை என்று சொல்லித்தான் கோடி கோடியாகத் திரட்டியது. 2015இல் ஒரு பத்திரிகை தோண்டியது, 2022 ஜனவரியில் அதன் நிறுவனரைக் குற்றவாளி என்று ஜூரி சொன்னது.

உண்மையாக வந்தவற்றில் எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, மறதி நோய். அல்சைமர் என்று உறுதி செய்ய இதுவரை மூளைக்கு பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும், இல்லை முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். இப்போது ரத்தத்தில் பி-டவ்217, அமிலாய்டு என்ற இரண்டு புரதங்களை அளந்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். 2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு அனுமதி கொடுத்தது, மறதி அறிகுறி ஏற்கெனவே தெரிகிறவர்களுக்கு மட்டும். சாவியை எங்கே வைத்தேன் என்று தேடுகிற எல்லாருக்கும் இல்லை.

இன்னொன்று, ரத்தத்தில் மிதக்கிற டிஎன்ஏ. செத்துப்போன செல்கள் தங்கள் டிஎன்ஏ துண்டுகளை ரத்தத்தில் விட்டுவிட்டுப் போகும். செல்லுக்கு வெளியே ரத்தத்தில் இப்படி மரபுப்பொருள் மிதக்கிறது என்று 1948லேயே பிரான்சில் இரண்டு பேர் எழுதிவிட்டார்கள், யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1997இல் டென்னிஸ் லோ என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் கர்ப்பிணியின் ரத்தத்தில் குழந்தையின் டிஎன்ஏவைப் பிடித்தார்கள். அதன் பிறகுதான் சூடு பிடித்தது. நுரையீரல் புற்றுக்காரருக்கு எந்த மருந்து கேட்கும் என்று கட்டியைக் குத்தி எடுக்காமல் ரத்தத்திலேயே இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவின் மாற்றத்தைப் பார்க்கும் பரிசோதனைக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி வந்தது. இங்கேயும் பெரிய புற்றுநோய் மையங்களில் எடுக்கிறார்கள். எல்லாப் புற்றையும் முன்கூட்டியே ஒரே குழாயில் பிடிப்பது என்பது இன்னும் முழுதாக நிரூபணமாகவில்லை. நம்பிக்கை இருக்கிறது, கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிற நிலை இல்லை.

இந்தத் துறையில் கட்டுரையாக வருகிற மார்க்கர்களில் பெரும்பாலானவை மருத்துவமனை வாசலை மிதிப்பதே இல்லை. காரணம் பல நேரம் ரொம்பச் சாதாரணமானது. நம் ஊர் சித்திரை வெயிலில் ரத்தக் குழாயைச் சுழற்றிப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், குழாய்க்குள்ளேயே செல்கள் குளுக்கோஸைத் தின்றுவிடும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை இறங்கும். பொட்டாசியமும் மாறிப்போகும். நோயாளிகளின் ரத்தம் மத்தியானம் வந்து காத்துக் கிடந்தது, நோயில்லாதவர்களுடையது காலையிலேயே பிரிக்கப்பட்டது என்றால், நீங்கள் கண்டுபிடித்த வித்தியாசம் நோயால் வந்ததா, டீயால் வந்ததா? புள்ளியியல் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். உயிர்வேதியியல் மாணவர்கள் அதைக் கண்டால் ஓடுகிறார்கள், நானும் ஓடினேன், பிறகு வட்டியோடு கட்டினேன்.

"ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். அறிவியலில் பன்முகத்தன்மை வேண்டும், பெண்கள் வர வேண்டும், கடற்கரைப் பிள்ளைகள் வர வேண்டும் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். திறமை இருப்பவன் வரட்டும். ரத்தத்துக்கு ஏது ஊரும் சாதியும்? அறிவியல் எல்லாருக்கும் பொது அல்லவா?" (ஒரு வாசகர், தொண்டி)

ஐயா, உங்கள் கடிதத்தில் கோபம் இருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன்.

அறிவியல் எல்லாருக்கும் பொதுதான். ஆனால் அளவுகோலை யார் உடம்பில் வைத்துச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டாமா? பாம்பன் அண்ணனுக்குச் சொன்ன சிறுநீரகச் சூத்திரக் கதை அதற்கு ஒரு சாட்சி. இன்னொன்று சொல்கிறேன். மாரடைப்பா என்று பார்க்க டிரோபோனின் என்ற புரதத்தை அளக்கிறோம். வெகுகாலம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எல்லைதான் வைத்திருந்தார்கள். நுட்பமாக அளக்கிற கருவி வந்த பிறகு பார்த்தால், ஆரோக்கியமான பெண்களுக்கு அது இயல்பாகவே குறைவு. இப்போது பரவலாகப் பயன்படுகிற ஒரு பரிசோதனையில் ஆணுக்கு எல்லை லிட்டருக்கு 34 நானோகிராம், பெண்ணுக்கு 16. பாதிக்கும் கீழே! பழைய எல்லையில் "ஒன்றுமில்லை, வாயு" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேரோ.

மரபணு ஆராய்ச்சியில் இது இன்னும் மோசம். நோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பு தேடிய பெரிய ஆய்வுகளில் 2009இல் கலந்துகொண்டவர்களில் 96 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர். 2016இல் எண்ணிப் பார்த்தபோதும் 81 சதவீதம். மிச்சம் உலகம் முழுக்க அந்த மீதிக்குள் அடங்கியாக வேண்டும். இதனால் நமக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் இருவரும் கறுப்பின மக்களையும் தாராளமாகச் சேர்த்து ஆய்வு செய்தார்கள். அவர்களில் சிலருக்கு பிசிஎஸ்கே9 என்ற மரபணுவின் இரண்டு பிரதியில் ஒன்று பிறவியிலேயே வேலை செய்யவில்லை. அப்படி இருந்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 28 சதவீதம் குறைவு, இதயக் குழாய் நோய் வருகிற அபாயம் 88 சதவீதம் குறைவு என்று 2006இல் வெளியிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அந்த மரபணுவின் புரதத்தை அடக்குகிற ஊசி மருந்து 2015இல் வந்துவிட்டது, இன்றைக்கு எல்லா நிறத்தவரும் போட்டுக்கொள்கிறார்கள். வெள்ளையரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தத் தடயம் கண்ணில் பட்டிருக்குமா என்பதே சந்தேகம்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. இதயத் தசையைக் கட்டும் மைபிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்து விடுபட்டுப் போவது தெற்காசியரில் நூறு பேரில் சுமார் 4 பேருக்கு இருக்கிறது, அது இதயம் பலவீனமாகும் அபாயத்தைக் கூட்டுகிறது. ஐரோப்பியரிடம் இதைக் காண்பதே அரிது. 2009இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த இந்த ஆய்வின் முதல் பெயர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளருடையது. பரமக்குடி தாண்டினால் மதுரை, ஐயா. லண்டனில் உட்கார்ந்து இதை யார் தேடியிருப்பார்கள்? இந்த மாற்றம் இருக்கிறவர்களுக்கு எல்லாம் இதய நோய் வந்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் வருவதில்லை. தேட வேண்டும் என்று தோன்றுவதற்கே அங்கே ஒருவர் இருக்க வேண்டியிருக்கிறது, நான் சொல்ல வருவது அதுதான்.

இனி, திறமை. 1881இல் பெர்லினில் ராபர்ட் கோக் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்க ஜெலட்டின் வைத்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். கோடை வந்தால் உருகிவிடும், சில கிருமிகள் அதைத் தின்றே தீர்த்துவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி, தன் சமையலறையில் இனிப்பு உறைய வைக்கக் கடற்பாசியிலிருந்து வரும் அகார் போடுவார், ஜாவாவில் வாழ்ந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்த பழக்கம். அதைப் போட்டுப் பாருங்களேன் என்றார். உடல் சூட்டில் உருகவில்லை, கிருமியும் தின்னவில்லை. அடுத்த வருடம் கோக் காசநோய்க் கிருமி பற்றி எழுதியபோது அகார் இருக்கிறது, ஃபானியின் பெயர் இல்லை. 140 வருடம் கழித்தும் உலகத்துக் கிருமியியல் ஆய்வுக்கூடங்கள் அந்த அகாரில்தான் ஓடுகின்றன. திறமை சமையலறையில் நின்றது, ஆய்வுக்கூடத்து வாசல் மூடியிருந்தது. நம் மண்டபத்துப் பாசி பற்றித் தெரிந்தவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நானும் வருகிறேன்.

"ப்ளஸ் டூ படிக்கிறேன், தமிழ் மீடியம். அம்மா பாசி எடுக்கிறார். எனக்கு ஆராய்ச்சி செய்ய ஆசை. வீட்டில் நர்சிங் போ, உடனே வேலை என்கிறார்கள். பிஎச்.டி. முடிக்க 28 வயதாகும், அதுவரை யார் சோறு போடுவது என்று அப்பா கேட்கிறார். என்ன பதில் சொல்வது?" (ஒரு மாணவி, தங்கச்சிமடம் பக்கம்)

தங்கச்சி, உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். என் அம்மாவும் பாசி எடுத்தவர்தான். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாரில் (கடலடிப் பாறையில்) கிடந்து மரிக்கொழுந்துப் பாசி பறித்து வருவார், துணியையும் மீறி விரல் கிழிந்திருக்கும், சாயங்காலம் அந்தக் கையாலேயே மிளகாய் அரைப்பார்.

நான் முதல்முதலாக ஆய்வுக்கூடத்தில் ஜெல் ஊற்றிய நாளைச் சொல்கிறேன். ஒரு கிராம் வெள்ளைப் பொடி, நூறு மில்லி கரைசல், மைக்ரோவேவில் வைத்துக் கொதிக்க விட்டு, குடுவையைக் கையில் பிடிக்கிற சூட்டுக்கு ஆற வைத்து, தட்டில் ஊற்றி, சீப்பு மாதிரி ஒன்றைச் செருகி வைக்க வேண்டும். உறைந்ததும் சீப்பை உருவினால் வரிசையாகக் குழி, அதில் பைப்பெட்டால் (துளி துளியாக உறிஞ்சி விடும் கருவி) டிஎன்ஏவை விட்டு மின்சாரம் கொடுத்தால் சின்னத் துண்டு முன்னே ஓடும், பெரிய துண்டு பின்தங்கும். அந்தப் பொடி பெயர் அகரோஸ். எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டேன். "சீவீட்" என்றார் சீனியர். எந்தப் பாசி என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. எனக்கு ஓரளவு தெரியும், மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகார் வகைப் பாசிகள், கட்டக்கோரை அதில் சேராது. அந்தக் கூடத்தில் அன்றைக்கு எனக்கு மட்டும் தெரிந்த ஒரே விஷயம் அது. இன்னொன்றும் பிறகு படித்தேன், சிவப்புப் பாசிகளிலிருந்து எடுக்கும் ஃபைகோஎரித்ரின் என்ற ஒளிரும் நிறமியை 1982இலிருந்து ரத்த அணுக்களுக்கு அடையாளப் பொட்டு வைக்கப் பயன்படுத்துகிறார்கள். எச்ஐவி நோயாளிகளின் சிடி4 என்ற வெள்ளணுவை எண்ணுகிற இடத்தில் கூட அந்த நிறமிதான் மின்னும்.

எல்லாம் இனிப்பாக இல்லை. மதியம் டிபன் டப்பாவைத் திறந்தால் "யார் கருவாடு கொண்டு வந்தது" என்று ஜன்னலைத் திறப்பார்கள், டப்பாவில் தயிர்சாதம் இருந்தாலும் என்னைத்தான் பார்ப்பார்கள். ஆங்கிலத்தில் பேச வாய் வராமல் முதல் வருடம் கருத்தரங்கில் கேள்வியே கேட்டதில்லை. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், எங்கேயும் நடப்பதுதான். ஆங்கிலம் வந்துவிடும், ஒரு வருடம் ஆய்வுக்கட்டுரையைச் சத்தம் போட்டுப் படித்தேன், வீட்டில் பைத்தியம் என்றார்கள்.

அப்பாவின் சோற்றுக் கேள்விக்கு எண்ணில் பதில் சொல். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். எம்.எஸ்சி.க்கு ஐஐடி நடத்தும் ஜாம், உயிரித்தொழில்நுட்பத்துக்கு காட்-பி என்று தேசிய நுழைவுத் தேர்வுகள் உண்டு, பி.எஸ்சி. முதல் வருடத்திலேயே பெயரையாவது தெரிந்து வைத்துக்கொள், எனக்கு மூன்றாம் வருடம் முடிந்த பிறகுதான் யாரோ சொன்னார்கள். எம்.எஸ்சி. முடித்து சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி. செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி. என்பது அப்பா காசில் படிக்கும் படிப்பு இல்லை, சம்பளம் மாதிரி காசு வருகிற வேலை. கிடைப்பது கஷ்டம், முதல் தடவையிலேயே வராது, எனக்கு மூன்றாவது தடவை வந்தது. உதவித்தொகை இரண்டு மூன்று மாதம் சேர்ந்தாற்போல் வராமல் இழுக்கவும் செய்யும், அதையும் மறைக்காமல் சொல்.

நர்சிங்கும் லேப் டெக்னீசியன் படிப்பும் மட்டம் என்று மட்டும் நினைத்துவிடாதே. மேலே ஒரு தம்பிக்கு டீ கதை சொன்னேனே, அந்தக் குழாயைச் சரியான நேரத்தில் பிரிக்கிற கை இல்லாவிட்டால் எந்தப் பேராசிரியரின் மார்க்கரும் பொய். ஆசை எது என்று நீதான் தெரிந்துகொள்ள வேண்டும். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் பல வருடம் மண்டபத்தில்தான் இருந்தது, பிறகு அது கொச்சிக்குப் போனாலும் இங்கே மையம் இருக்கிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. பள்ளியில் சொல்லி ஒரு நாள் கூட்டிப் போகச் சொல், ஆய்வுக்கூடம் எப்படி இருக்கும், என்ன வாடை அடிக்கும் என்று கண்ணால் பார்த்த பிறகு முடிவு செய். நம் மாவட்டத்தில் எந்த விழா மேடையிலும் கலாம் பெயர் வரும். அவரைச் சென்னை எம்ஐடியில் சேர்க்கத் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்த அக்கா ஜொஹரா பெயர் வருவதில்லை. உன் வீட்டில் தம்பி இருந்தால், இந்த முறை அடகு உனக்காக இருக்கட்டும் என்று சொல்லிப் பார்.

"எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்துக் கல்யாணம், இரண்டு குழந்தை. ஏழு வருட இடைவெளி. இனி முடியுமா?" (ஒரு வாசகி, கீழக்கரை)

முடியும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டம் இடைவெளி விட்ட பெண்களை மனதில் வைத்தே போடப்பட்டது. அறிவிப்பு வரும் நேரத்தைப் பிடிப்பதும், உங்களைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கிற ஒரு வழிகாட்டியைப் பிடிப்பதும்தான் வேலை, இரண்டாவதே கடினம். பத்துப் பேருக்கு மின்னஞ்சல் எழுதினால் ஒருவர் பதில் போடுவார். அதுவரை பக்கத்து ஆய்வுக்கூடத்தில் வாரம் இரண்டு நாளாவது கையை நனையுங்கள், ஏழு வருடத்தில் கருவிகள் மாறிவிட்டன.

"எங்கள் குப்பத்தில் ஏதோ ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டு வந்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். கொடுக்கலாமா?" (ஒரு வாசகர், ஏர்வாடி)

கொடுக்கலாம், கேட்டுவிட்டுக் கொடுங்கள். நம் மக்களின் ரத்தம் கணக்கில் இல்லாததன் நஷ்டத்தை மேலே சொல்லிவிட்டேன். ஜீனோம் இந்தியா திட்டத்தில் 83 மக்கள் குழுக்களிலிருந்து சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். யாரோ ஒரு ஊரில் கையை நீட்டியதால் வந்தது அது.

ஆனால் படிவம் தமிழில் இருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்ல வேண்டும், அதன் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா, என்ன பார்க்கப் போகிறீர்கள், மிச்ச ரத்தத்தை என்ன செய்வீர்கள், எங்கள் முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா, பாதியில் வேண்டாம் என்றால் விலகலாமா. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவர் நல்ல ஆராய்ச்சியாளர். கேட்டதும் பையை மூடிக்கொண்டு கிளம்பினால் கிளம்பட்டும்.

"நோன்பு திறக்கக் கடல்பாசி சாப்பிடுகிறோம். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் அது காட்டுமா?" (இன்னொரு வாசகி, கீழக்கரை)

கடல்பாசி, அதாவது அந்த உறைந்த அகார் இனிப்பு, காட்டாதும்மா, அது பாட்டுக்கு வயிற்றைக் கடந்து போய்விடும். அதில் நீங்கள் கொட்டுகிற சர்க்கரையும் ரோஸ் மில்க் எசன்ஸும்தான் காட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை, சிறுநீரில் ஆர்சனிக் பார்க்கச் சொல்லியிருந்தால் மூன்று நாலு நாள் முன்பே மீன், நண்டு, இறால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள், தீங்கில்லாத ஒரு வகை ஆர்சனிக் கடல் உணவில் நிறைய இருக்கிறது, அது எண்ணை ஏற்றிவிட்டு உங்களைப் பயமுறுத்தும். கீழக்கரையில் மூன்று நாள் மீன் இல்லாமல் எப்படி என்று கேட்காதீர்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.